கார்னாக் குத்துக்கற்கள்: பெயர்த்தது தப்பா, இல்லையா?

நெடுங்கல்: 2023 ஜூனில் வந்த செய்தியை மறுபடி கிளறுகிறேன். பிரான்சின் பிரித்தானி கடலோரத்தில் கார்னாக் என்று ஓர் ஊர், பழங்கால மக்கள் நட்டுவைத்த சுமார் 3000 குத்துக்கற்கள் வரிசை வரிசையாக நிற்கிற இடம். அங்கே வீட்டு வேலைக்கான கருவிகள் விற்கிற ஒரு கடை கட்ட 40 கற்கள் வரை பெயர்த்துத் தள்ளிவிட்டார்கள். 2025 ஜூலையில் அதே ஊருக்கு யுனெஸ்கோ பட்டம்! வெட்கமாக இல்லை?

சைட் இன்ஜினியர்: முதலில் எந்தக் கல் என்று பாருங்க சார். படங்களில் வருகிற மெனெக், கெர்மாரியோ வரிசைகளை யாரும் தொடவில்லை. இவை இடுப்பு உயரம்கூட வராத கற்கள், பாதுகாப்புப் பட்டியலில் கிடையாது. 2022-இல் முறைப்படி அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சட்டப்படிதான் நடந்தேன் என்றார் மேயர். பண்பாட்டுத் துறையின் வட்டார அலுவலகமும் இவற்றின் மதிப்பு உறுதியில்லை என்றுதான் சொன்னது.

நெடுங்கல்: உறுதியில்லை என்றால் தோண்டிப் பார்த்து உறுதி செய்யணும். பொக்லைனை விட்டு வாரிய பிறகு சொல்கிற பதிலா அது? வேலிக்குள் இருந்தால் 6000 வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரியம், வெளியே இருந்தால் ஜல்லி, அப்படித்தானே?

பொன்னி: வேலி என்றதும் ஒன்று சொல்லணும். முன்னே அங்கே யாரும் கற்களுக்கு நடுவில் நடக்கலாம். கூட்டம் மிதித்து மிதித்துப் புல் போய், மண் கரைந்து, கல்லின் அடி வெளியே தெரிய ஆரம்பித்தது. அதனால்தான் 1991-இல் வேலி போட்டார்கள். அதையும் ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள், எங்கள் கல்லை எங்களிடமிருந்து பூட்டுகிறீர்கள் என்று. பாதுகாப்புக் கொடுத்தாலும் சண்டைதான்.

சைட் இன்ஜினியர்: ஜல்லி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் ஏதாவது கல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆய்வு என்றால் கடை கட்டுகிறவன் எத்தனை வருஷம் காத்திருப்பான், செலவு யார் தலையில்?

நெடுங்கல்: கட்டுகிறவர் தலையில்தான்! பிரான்சின் 2001 தொல்லியல் சட்டத்திலேயே அது இருக்கிறது. முன்கூட்டித் தோண்டிப் பார்க்க இன்ராப் என்று அரசு நிறுவனமும் வைத்திருக்கிறார்கள். எல்லா வசதியும் இருந்தும் இந்த மனையை முழுசாக அகழ்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைத்தான் கேட்கிறேன்.

சைட் இன்ஜினியர்: சரி, அப்படியானால் அனுமதி கொடுத்த அலுவலகத்தைத் திட்டுங்க. கடைக்காரரை விடுங்க.

பொன்னி: நெடுங்கல் முதல் பதிவிலும் கடைக்காரரைத் திட்டவில்லையே அண்ணா, நீங்கள்தான் இழுத்தீர்கள் :)