பெரம்பூர் – நாகலாபுரம் ஒரு நாள் குரூப் ரைடு: 14 பேர், பாதி பேர்கிட்ட கியர் இல்லை

வியாசை_மிதி:
வணக்கம். தை மாசக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை பெரம்பூர்ல இருந்து ஊத்துக்கோட்டை வழியா ஆந்திராவுல இருக்கற நாகலாபுரம் மலையடிவாரம் போயிட்டு அன்னிக்கே திரும்பணும். 14 பேர். ஏழு பேர்கிட்ட கியர் சைக்கிள், மீதி எல்லாம் சாதா சைக்கிள். புழல் வரைக்கும் போய் வர்ற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, அதுக்கு மேல இல்லை. மலைப்பக்க மேட்டுல சாதா சைக்கிள் ஏறுமா? எந்த ரோடு நல்லது? எத்தனை மணிக்குக் கிளம்பணும்? வாடகைக்கு ஒரு குட்டி யானை (சின்ன லோடு வண்டி) கிடைக்கும், அது தேவைப்படுமா?

செங்குன்றம்_சக்கரம்:
மேட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஊத்துக்கோட்டையில இருந்து சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் போற ரோடு மலையை ஒட்டிப் போகுதே தவிர மலை மேல ஏறல. கொண்டை ஊசி வளைவு எதுவும் கிடையாது, லேசான ஏத்த இறக்கம்தான்.

உங்களைப் படுத்தப்போறது திரும்பி வர்ற வழி. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து கிழக்குல இருந்து உள்ள ஏறும். ஊத்துக்கோட்டையில இருந்து மெட்ராஸ் தென்கிழக்கு, அதனால காத்து நேரா முகத்துலதான் அடிக்கும். 20 கி.மீ. வேகத்துல போறவர் மேல 15 கி.மீ. எதிர்க்காத்து அடிச்சா, காத்தில்லாத நேரத்தோட தடையைப் போல மூணு மடங்கு தள்ளணும். காலையிலயே காலைத் தீர்த்துட்டவர் இங்கதான் உட்காருவார். அதனால போற வழியில யாரையும் வேகமா விடாதீங்க, 18-ஐத் தாண்டக் கூடாது.

நேரக்கணக்கு: போக மட்டும் சுமார் 75 கி.மீ. காலை 4:30-க்குக் கிளம்பினா ஒன்பதரை, பத்துக்குள்ள நாகலாபுரம். அங்க அரை மணி நேரம், பிறகு ஊத்துக்கோட்டைக்குத் திரும்ப பதினொன்றரை ஆயிடும். அதுவரைக்கும் மொத்தம் 90 கி.மீ. சொச்சம். முதல் தடவை போறவங்களுக்கு அது போதும். குட்டி யானையை ஊத்துக்கோட்டையில நிறுத்தி, முடியாதவங்க சைக்கிளை ஏத்தி பஸ்ல அனுப்புங்க. முடிஞ்சவங்க நிழல்ல படுத்துட்டு மூன்றரைக்கு மேல கிளம்பலாம். வண்டியை ஆந்திரா பார்டர் தாண்ட விடாதீங்க.

ரோடு ரெண்டு இருக்கு. ஒண்ணு, செங்குன்றத்துல இருந்து ஹைவேயில காரனோடை தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்ரோடுல இடது பக்கம் திரும்பி பெரியபாளையம் வழி. இன்னொண்ணு, செங்குன்றம் – திருவள்ளூர் ரோடுல தாமரைப்பாக்கம் போய், வெங்கல், சீத்தஞ்சேரி வழியா ஊத்துக்கோட்டை. இருட்டுல போறப்போ முதல் ரோடு, ஏன்னா அகலமா ஓரம் இருக்கு. சாயங்காலம் திரும்பறவங்களுக்கு ரெண்டாவது, கன்டெய்னர் லாரி கம்மி, சீத்தஞ்சேரி பக்கம் காடும் மரமும் காத்தைக் கொஞ்சம் தடுக்கும். ஆனா இருட்டுறதுக்குள்ள அந்தக் காட்டைத் தாண்டிடணும், அங்க தெரு விளக்கை நம்ப முடியாது.

இதே ரைடை ஆடி மாசத்துக்குத் தள்ளிடாதீங்க. பவானி அம்மன் கோயில் கூட்டத்துல ஞாயித்துக்கிழமை பெரியபாளையம் ரோடு நகராது. பிரதோஷம் அன்னிக்கு சுருட்டப்பள்ளியும் அதே மாதிரிதான்.

ஃப்ரீவீல்_பல்:
சாதா சைக்கிளுக்கு ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல் இருந்தா ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் போகும். எதிர்க்காத்துல அது ரொம்ப கனம், முட்டி வலிக்கறதுக்கு அதுதான் காரணம். பின்னாடி 22 பல் ஃப்ரீவீல் (பின் சக்கரத்துல செயின் ஓடற பல் சக்கரம்) மாத்தினா 4.4 மீட்டர். சமதரையில 20 போக நிமிஷத்துக்கு 76 சுத்து மிதிச்சா போதும், அது யாராலயும் முடியும். நாலு பல் கூடுறதால செயின்ல ஒரு இஞ்ச் கூடுதலா வேணும். பின் சக்கரத்தை முன்னாடி தள்ள இடம் இருந்தா பழைய செயினே எட்டும், இல்லைன்னா ஒரு இஞ்ச் துண்டு சேர்க்கச் சொல்லுங்க.

அதுக்கு முன்னாடி செயினை அளந்து பாருங்க. செயின்ல ஒரு பின்னோட (துண்டுகளை இணைக்கற சின்ன ஆணி) நடுவுல ஸ்கேலை வெச்சா சரியா 12 இஞ்ச்ல இன்னொரு பின் நடு வரணும். 1/16 இஞ்ச் தள்ளியிருந்தா செயினை மாத்துங்க. 1/8 தள்ளியிருந்தா பழைய பல்லும் தேய்ஞ்சிருக்கும். தேய்ஞ்ச செயினைப் புது ஃப்ரீவீல்ல போட்டா அழுத்தி மிதிக்கறப்போ வழுக்கும், ஆள் முன்னாடி போய் பார்ல இடிப்பார்.

மாத்தறதை முதல் நாள் ராத்திரிக்கு வெச்சுக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடியே மாத்தி, புழலுக்கு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சீட்டையும் அப்பவே சரி பண்ணுங்க: பெடல் அடியில இருக்கறப்போ குதிகாலை வெச்சா கால் நேரா நிக்கணும். சாதா சைக்கிள் ஓட்டற முக்கால்வாசிப் பேர் சீட்டை இறக்கித்தான் வெச்சிருப்பாங்க, பத்து கி.மீ.க்குத் தெரியாது, அறுபதுல தெரியும்.

காத்து: மொத்தமான 26x1.95 டயருக்கு 45 பி.எஸ்.ஐ., 700x35-க்கு 65, மெல்லிசு 700x25-க்கு 90. டயர் ஓரத்துல எழுதியிருக்கற உச்ச அளவைத் தாண்டாதீங்க. கம்மியா இருந்தா குழியில ரிம் டியூபைக் கடிச்சு, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டைன்னா வேலிக்காத்தான் முள்ளோ லாரி டயர்ல இருந்து உதிர்ற கம்பியோதான். டயருக்குள்ள பஞ்சைச் சுத்தி ஓட்டுங்க, மாட்டிக்கிட்ட இடத்துல கம்பி இருக்கும். அதை எடுக்காம புது டியூப் போட்டா அடுத்த கிலோமீட்டர்லயே திரும்பவும் போகும்.

கொளத்தூர்_கேரியர்:
தண்ணி மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர். ஒண்ணரை லிட்டராவது கையில இருக்கணும், பெரியபாளையத்துலயும் ஊத்துக்கோட்டையிலயும் நிரப்பிக்கலாம். எட்டு மணிக்கு மேல வெறும் தண்ணி மட்டும் குடிச்சிட்டே இருந்தா தலைவலி, வாந்தி வரும், வேர்வையில போற உப்பு திரும்பணும். ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர்லயே கரைங்க. அரை லிட்டர் பாட்டில்ல மொத்தத்தையும் கொட்டறது பெரிய தப்பு, வயித்தைக் கலக்கும்.

சாப்பாடு: கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு வாழைப்பழம், வழியில முக்கால் மணிக்கு ஒரு தடவை கடலை மிட்டாய். ஊத்துக்கோட்டையில நாலு இட்லி. பூரி, வடை வேண்டாம். பசிச்ச பிறகு சாப்பிட்டா லேட், அதுக்குள்ள கால் தளர்ந்திருக்கும்.

ஊத்துக்கோட்டை பக்கம் கிருஷ்ணா கால்வாயைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்கத் தோணும். தயவு செஞ்சு யாரையும் விடாதீங்க. ரெண்டு பக்கமும் சரிவான சிமென்ட் கரை, பாசி பிடிச்சிருக்கும், தண்ணி ஓடற வேகத்துல இறங்கினவர் பிடிச்சு ஏற ஒண்ணும் கிடையாது. நாகலாபுரத்துலயும் அருவி, காட்டுப் பாதைன்னு உள்ள போகணும்னா வனத்துறை அனுமதி வேணும். இந்த ரைடை தார் ரோட்டோட நிறுத்திக்கோங்க.

குட்டி யானையில ஏத்தறப்போ முன் சக்கரத்தைக் கழட்டி, ஒண்ணு விட்டு ஒண்ணு தலைமாத்தி நிக்க வைங்க. கியர் இருக்கற பக்கம் இன்னொரு சைக்கிள் படக் கூடாது, நடுவுல சாக்கு வைங்க. கயிறு ஃப்ரேம்ல மட்டும். ஆயில் டிஸ்க் பிரேக் இருக்கற சைக்கிள்ல சக்கரம் வெளிய இருக்கறப்போ யாரும் லிவரைப் பிடிக்காதீங்க, பேட் ரெண்டும் ஒட்டிக்கிட்டா டிஸ்க் உள்ள போகாது.

வியாசை_மிதி:
ரொம்ப நன்றிண்ணா. 22 பல் வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறோம். 14 பேரையும் ஒரே வரிசையில கூட்டிட்டுப் போகலாமா? பஞ்சர் சாமான் ஆளுக்கு ஒண்ணா, குரூப்புக்கு ஒண்ணா?

செங்குன்றம்_சக்கரம்:
ஒரே வரிசை வேண்டாம். 14 சைக்கிள் நீளத்தை லாரிக்காரர் ஒரே மூச்சுல தாண்ட முடியாது, நடுவுல உள்ள புகுந்துடுவார். அஞ்சு, அஞ்சு, நாலுன்னு பிரிங்க, ரெண்டு குரூப்புக்கு நடுவுல 200 மீட்டர் விடுங்க. ஒவ்வொண்ணுலயும் கியர் சைக்கிளும் சாதாவும் கலந்து இருக்கட்டும், சாதா சைக்கிள்காரர் வேகம்தான் குரூப் வேகம். கடைசி ஆள் வழி தெரிஞ்சவரா, டூல் வெச்சிருக்கறவரா இருக்கணும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. திரும்பற இடம் ஒவ்வொண்ணுலயும் எல்லாரும் வர்ற வரைக்கும் நின்னு, தலை எண்ணிட்டுக் கிளம்புங்க.

மூலக்கடையில இருந்து செங்குன்றம் வரைக்கும் இருட்டுல ஒத்தை ஒத்தையா மட்டும். தை மாசம் ஆறரைக்குத்தான் விடியும், ரெண்டு மணி நேரம் இருட்டு. பின்னாடி சிவப்பு லைட் எரியாத சைக்கிள் கிளம்பவே கூடாது. ஏரிப்பக்கம் பனியும் இருக்கும். எதிர்க்காத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒரு மீட்டர் விட்டுப் போங்க, பின்னாடி இருக்கறவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சம். முன்னாடி இருக்கறவர் ரெண்டு நிமிஷத்துல விலகி கடைசிக்குப் போகணும். குழி, ஸ்பீட் பிரேக்கர் வந்தா முன்னாடி இருக்கறவர் சத்தம் போட்டுச் சொல்லணும், பின்னாடி இருக்கறவருக்கு ரோடே தெரியாது.

ஃப்ரீவீல்_பல்:
டியூப் ஆளுக்கு ஒண்ணு, அவரவர் சைஸ்ல. மத்ததெல்லாம் குரூப்புக்கு ஒரு செட்: பம்பு, டயர் லிவர் மூணு, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், செயின் கட்டர், ஆலன் கீ, சாதா சைக்கிள் சக்கர நட்டுக்கு 15 ஸ்பேனர். இந்த ஸ்பேனரைத்தான் கியர் சைக்கிள்காரங்க மறப்பாங்க. மெல்லிசு வால்வு இருக்கறவங்க அடாப்டர் எடுத்துக்கோங்க, வழியில இருக்கற பஞ்சர் கடை கம்ப்ரஸர் கார் வால்வுக்குத்தான் பிடிக்கும். சாதா சைக்கிளுக்கு வால்டியூப் (வால்வுல மாட்டற சின்ன ரப்பர் குழாய்) ஒரு முழம் வாங்கி வெச்சுக்கோங்க.