குழந்தைத் துணி 3 பை, மெட்டர்னிட்டி 1 பை: என்ன விலை போட்டா போகும்? அவசரம்

புதுசு_யுகே:
வணக்கம். யுகே வந்து அஞ்சு மாசம் ஆச்சு. பழைய குழந்தைத் துணி மூணு பை, மெட்டர்னிட்டி (கர்ப்பகால) துணி ஒரு பை இருக்கு. பழைய துணி விக்கற விண்டெட் ஆப்புல ஒவ்வொண்ணா 6 பவுண்ட்னு போட்டேன். மூணு வாரமா ஹார்ட் (லைக்) மட்டும் விழுது, ஒண்ணும் போகல. இந்த செப்டம்பர் கடைசிக்குள்ள வீடு மாறணும், புது ரூம்ல பை வைக்க இடமே இல்ல. கையிலயும் காசு இல்ல. என்ன விலை போடணும்? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

குரோய்டன்_மாமி:
அஞ்சு மாசம்தானே ஆச்சு, அதுக்குள்ள ஏன்மா விக்கற? முதல் குளிர்காலம் இன்னும் வரவே இல்ல. ஊர்லேர்ந்து வர்றவா எல்லாரும் சூட்கேஸ் நிறைய மெல்லிசு காட்டன் சட்டையா கொண்டு வருவா, அக்டோபர் பாதியில குழந்தை மூக்கை உறிஞ்சிண்டு நிக்கும். முழுக்கை வெஸ்ட் (உள்பனியன்) ஏழு, ஸ்லீப்சூட் (கால் வரைக்கும் மூடற தூக்க உடுப்பு) ஏழு, 2.5 டாக் (கதகதப்போட அளவு) ஸ்லீப்பிங் பேக் ரெண்டு, இதை முதல்ல எடுத்து தனியா வை. மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்.

ஹாரோ_அண்ணன்:
மாமி, அவ கேட்டது விலை. தங்கச்சி, நீங்கள் 6 பவுண்ட் எண்டு போட்டால் வாங்கிற ஆள் 6 பவுண்டா குடுக்கிறா? வாங்கிறவரிட்டை விண்டெட் சுமார் 70 பென்ஸும் விலையிலை 5 சதவீதமும் எடுக்கும். அதோடை தபால் காசு இரண்டரை பவுண்ட் மட்டில வரும். உங்கட 6 பவுண்ட் உடுப்பு அவவுக்கு 9.50. அந்தக் காசுக்கு சூப்பர்மார்க்கெட்டிலை மூண்டு ஸ்லீப்சூட் உள்ள ஒரு புதுப் பாக்கெட்டே கிடைக்கும். பேந்து ஆர் உங்களிட்டை வாங்குவினம்?

ஒரு பவுண்டுக்குப் போட்டாலும் சரிவராது, தபாலோடை 4 பவுண்டுக்கு மேலை போயிடும். ஒரே அளவிலை ஆறு ஸ்லீப்சூட்டைச் சேர்த்து 9 பவுண்டுக்குப் போடுங்கோ. கட்டணம் 1.15, தபால் 3 எண்டு வைச்சால் மொத்தம் 13.15. அவவுக்கு ஒரு உடுப்பு 2.20 மட்டிலை விழும். அப்பதான் கை நீளும்.

ஸ்லவ்_பிரியா:
அண்ணன் சொல்ற கணக்கு சூப்பர்மார்க்கெட் துணிக்குச் சரி. எல்லாத்தையும் மூட்டை கட்டிடாதீங்க. ஜார்ஜ், எஃப் அண்ட் எஃப், டியூ, பிரைமார்க் மாதிரி மலிவு பிராண்ட் எல்லாம் மூட்டைதான், தனியா எடுபடாது. நெக்ஸ்ட், எம் அண்ட் எஸ் கவுன்னா ரெண்டு மூணு சேர்த்து 7, 8 பவுண்ட். மினி போடென், ஜோஜோ மமான் பேபே, ஃபுருகி மாதிரி விலை கூடின பிராண்டை மூட்டைக்குள்ள போட்டா காசைத் தண்ணியில போட்ட மாதிரி. நல்ல நிலையில இருந்தா ஒவ்வொண்ணும் தனியா 5லேர்ந்து 10 வரைக்கும் கேக்கலாம். ஸ்னோசூட் (உடம்பு முழுக்க மூடற குளிர் உடுப்பு) கிளீனா இருந்தா 8லேர்ந்து 12. இப்ப செப்டம்பர், அதுக்குச் சரியான நேரம்.

விலை போடறதுக்கு முன்னாடி தேடல்ல பிராண்ட், சைஸ், துணி வகை அடிச்சுப் பாருங்க. லிஸ்ட்ல இருக்கற விலையைப் பாக்காதீங்க, அது போகாம நிக்கற விலை. ஈபேல ‘விற்றவை’ மட்டும் வடிகட்டிப் பாத்தா நிஜ விலை தெரியும்.

லூட்டன்_குமார்:
10 பவுண்டுக்கு யாரும் வாங்க மாட்டாங்க. சும்மா ஆசை காட்டாதீங்க. எல்லாம் காருல ஏத்திட்டு கார் பூட் சேலுக்கு (கார் டிக்கியில பழசை வச்சு விக்கற சந்தை) போங்க, குழந்தைத் துணி 50 பென்ஸ், கோட் 2 பவுண்ட். மதியத்துக்குள்ள பை காலி.

ஸ்லவ்_பிரியா:
அவங்ககிட்ட கார் இருக்கான்னு கேட்டீங்களா? அங்க இட வாடகையே சுமார் 10 பவுண்ட் ஆகும். 50 பென்ஸ்ல இருபது துணி வித்தாதான் வாடகையே வரும்.

குரோய்டன்_மாமி:
அதுவும் ‘நாளைக்கு வரேன், எடுத்துக்கறேன்’னு சொல்லிட்டு வராதவாளை என்ன சொல்றது? இலவசம்னு போட்டாலே நாப்பது பேர் மெசேஜ், வாசல்ல ஒருத்தர் கிடையாது. நம்மவா மட்டும் என்ன? பொறந்த குழந்தைக்குப் பேர் வைக்கற வரைக்கும் புதுத்துணி போடக்கூடாது, பாட்டியோட பழைய புடவையைக் கிழிச்சுத்தான் சுத்தணும்னு சாஸ்திரம் பேசுவா. லண்டன்ல யாராவது பழசு குடுத்தா முகம் சுளிப்பா.

லூட்டன்_குமார்:
அதை விடுங்க, 5 பவுண்ட் போட்டா ‘1 பவுண்டுக்குத் தருவியா, தபாலும் நீயே கட்டு’ன்னு கேக்கற கூட்டத்தைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்க.

ஹாரோ_அண்ணன்:
புலம்பினது காணும். இங்க குழந்தைப்பிள்ளை உடுப்புக்கு வாட் வரி இல்லை. புதுசே மலிவு, அதாலைதான் பழசுக்கு விலை ஏறாது. கர்ப்பிணி உடுப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, 20 சதவீதம் முழுசா விழும். புதுசின்ரை விலை கூடுதல், கடையிலையும் தேடித்தான் பிடிக்க வேணும். ஒருத்தி நாலு மாதம்தான் போடுவா, அதாலை பழசும் நல்லா இருக்கும். பை ஒண்டுதான் எண்டாலும் தங்கச்சிக்கு அதிலை நல்ல காசு கிடக்கு. 

ஸ்லவ்_பிரியா:
இது சரி. மெட்டர்னிட்டிக்கு மூட்டை வேண்டாம், தனித்தனியா போடுங்க. நெக்ஸ்ட், எச் அண்ட் எம் ஜீன்ஸ் 5லேர்ந்து 8. செராஃபின் மாதிரி மெட்டர்னிட்டி பிராண்டோட, விசேஷத்துக்குப் போடற கவுன் 12லேர்ந்து 20.  குளிர் கோட் இருந்தா இந்த வாரமே போடுங்க. போட்டுப் பழசான நர்சிங் பிரா, உள்ளாடை எதையும் விக்காதீங்க.

ஜீன்ஸ்ல ஆள் பாக்கறது வயித்துப் பட்டையை. வயித்தை முழுசா மூடற பட்டையா, வயித்துக்குக் கீழ நிக்கற பட்டையான்னு தலைப்புலயே எழுதுங்க. பட்டையை இழுத்து பத்து எண்ணி விடுங்க. சுருக்கம் விழுந்து அலையலையா நின்னாலோ, வெள்ளை ரப்பர் நூல் வெளிய நீட்டினாலோ அது செத்துப்போச்சு. டிரையர் சூட்டுல அப்படித்தான் ஆகும். அதுக்கு விலை கிடையாது, குப்பைத் துணிப் பையில போடுங்க. நல்லா இருந்தா பட்டையைத் தட்டையா விரிச்சு சாதாரணமா எத்தனை சென்டிமீட்டர், இழுத்தா எத்தனைன்னு ரெண்டு அளவும் குடுங்க. உள்கால் நீளமும் வேணும். ‘சைஸ் 12’னு மட்டும் போட்டா பத்து கேள்வி வரும், ஒண்ணும் விக்காது.

புதுசு_யுகே:
ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். இது எங்க குழந்தையோட துணி இல்ல. ஒருத்தர் நாலு பையும் சேர்த்து 60 பவுண்டுக்குக் குடுத்தாங்க, வித்தா லாபம் வரும்னு வாங்கினேன். இருக்கறது லெஸ்டர். கார் இல்ல. என் வீட்டுக்காரர் பிஎச்டி ஸ்டூடண்ட் விசா, நான் அவரோட டிபெண்டன்ட் விசாவுல இருக்கேன். விண்டெட் அக்கவுண்ட் அவர் பேர்ல இருக்கு.

ஹாரோ_அண்ணன்:
ஐயோ, இதை முதல் வரியிலை சொல்லியிருக்க வேணும். சொந்தப் பிள்ளையின்ரை பழசை விக்கிறது ஒண்டு, வாங்கி விக்கிறது வேறை. பின்னது வியாபாரம். ஸ்டூடண்ட் விசாவிலை இருக்கிறவர் சுயதொழில் செய்யேலாது. அந்தக் கணக்கிலை போட்டதெல்லாத்தையும் இண்டைக்கே எடுங்கோ. உங்கட ஈவிசாவிலை (இணையத்திலை இருக்கிற விசாப் பதிவு) வேலை செய்யிற நிபந்தனை என்னெண்டு வாசியுங்கோ. வேலைக்குத் தடை இல்லையெண்டால் உங்கட பேரிலை புதுக் கணக்கு, உங்கட வங்கிக் கணக்கு. விளங்காட்டில் பல்கலைக்கழக சர்வதேச மாணவர் அலுவலகத்திலை கேளுங்கோ, காசு கேக்க மாட்டினம்.

வரிக்குப் பயப்பட வேண்டாம். ஏப்ரல் 6 தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 வரைக்கும் வியாபார வரவு 1000 பவுண்டுக்குள்ளை எண்டால் வழமையா ஒண்டும் கட்டத் தேவையில்லை. அது லாபம் இல்லை, மொத்த வரவு. வருசத்துக்கு 30 பொருளோ அதுக்கு மேலையோ வித்தால் தளம் உங்கட விவரத்தை வரித் திணைக்களத்துக்கு அனுப்பும். அனுப்பினதாலை வரி விழுந்ததெண்டு அர்த்தம் இல்லை. வாங்கின 60 பவுண்டை ஒரு கொப்பியிலை எழுதி வையுங்கோ.

ஸ்லவ்_பிரியா:
வாங்கின மூட்டைன்னா முதல்ல ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாருங்க. கழுத்து, மார்புப் பக்கம் மஞ்சள் திட்டு இருக்கும். அது பால் கறை. மடிச்சு வைக்கறப்ப தெரியாது, மாசக்கணக்குல காத்து பட்டுப் பட்டு மஞ்சளாகும். சுடுதண்ணி ஊத்தினா பால்ல இருக்கற புரதம் இறுகி நிரந்தரமாயிடும். பச்சைத் தண்ணியில அலசிட்டு, ஆக்சிஜன் பிளீச் பவுடர் கரைச்ச 40 டிகிரி தண்ணியில ஆறு மணி நேரம் ஊற வச்சுத் துவைங்க. கம்பளி, பட்டுன்னா அந்தப் பவுடர் வேண்டாம். மஞ்சள் பொடிக் கறைன்னா வெயில்தான் மருந்து, லெஸ்டர்ல அது எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது.

அப்புறம் டிச் பட்டன் எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுக் கழட்டுங்க. ஒண்ணு பிடிக்கலைன்னாலும் ஆறு துணி மூட்டைக்கும் புகார் வரும். துணி வந்து சேர்ந்ததும் புகார் சொல்ல அவங்களுக்கு ரெண்டு நாள் இருக்கு. குறை இருந்தா மறைக்காதீங்க, போட்டோ போட்டு ஒரு பவுண்ட் குறைங்க. தொப்பியில கயிறு வச்ச குழந்தை கோட் வந்திருந்தா கயிறு கழுத்தை இறுக்கும், 1976 விதிப்படி அப்படியே விக்கக் கூடாது. கயிறை உருவிட்டு விளக்கத்துல எழுதுங்க.

சைஸ் லேபிளை நம்பாதீங்க. ஒரு கடையோட 6–9 மாதம் இன்னொரு கடையோட 9–12. ஸ்லீப்சூட்டுக்குத் தோள்லேர்ந்து கால்விரல் வரைக்கும் டேப்ல அளந்து சென்டிமீட்டர்ல போடுங்க. மூட்டைக்குள்ள எல்லாம் ஒரே அளவா இருக்கணும். ரெண்டு அளவு கலந்தா வாங்கறவங்களுக்குப் பாதி வீண்.

லூட்டன்_குமார்:
கோடைக் கவுன், ஷார்ட்ஸ் எல்லாம் மார்ச், ஏப்ரல் வரைக்கும் போகாது. வைக்க இடமும் இல்ல. அதை மட்டும் பக்கத்துல யாராவது கார் பூட்டுக்குப் போனா கூடச் சேர்ந்துக்கங்க, இட வாடகையில பாதி குடுங்க. பயணச்சீட்டு போட்டு தனியா போனா நஷ்டம்தான், நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

புதுசு_யுகே:
அவர் கணக்குல போட்டதை எடுத்துட்டேன். ஈவிசாவைப் படிச்சேன், எனக்கு வேலைக்குத் தடை எதுவும் போடல. பிரிச்சுப் பாத்தேன். ஸ்லீப்சூட் 3–6 மாதம் 13, 6–9 மாதம் 11. ஃபுருகி ரெண்டு, ஸ்னோசூட் ஒண்ணு. மெட்டர்னிட்டில ஜீன்ஸ் 4, ஒரு பட்டை செத்திருக்கு. செராஃபின் கவுன் ரெண்டு, ஒரு குளிர் கோட். கோடைத் துணி 19.

ஸ்லவ்_பிரியா:
கோட், ஸ்னோசூட், செராஃபின் இன்னைக்குப் போடுங்க. கவுன் 16, 14ன்னு ஆரம்பிங்க, நாலு நாள்ல கேள்வி வரலைன்னா ரெண்டு பவுண்ட் இறக்குங்க. 3–6 ஸ்லீப்சூட் ஆறு ஆறா ரெண்டு மூட்டை, மிச்சம் ஒண்ணை இலவசமா உள்ள போட்டுடுங்க. 6–9ல பதினொண்ணு, ஆறு 9 பவுண்ட், அஞ்சு 7.50. ஜீன்ஸ் மூணும் தனி. வித்தா அனுப்ப விண்டெட் அஞ்சு வேலை நாள்தான் டைம் குடுக்கும், அதனால வித்ததை வீடு மாறறதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க, போகாததைப் புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்னு மனசுல வச்சுக்கங்க.

குரோய்டன்_மாமி:
அந்த மூட்டையில ஸ்லீப்பிங் பேக் இருந்தா எத்தனை டாக்னு பாத்துச் சொல்லு. 2.5ன்னா 90 சென்டிமீட்டர் எனக்கு வேணும். தபால் காசு நானே தரேன்.