காது இரைச்சலுக்குப் புது சிகிச்சைச் சோதனை: கையெழுத்துப் போடலாமா?

சோமனூர்_தறிக்காரன்:

வணக்கம். வயது 54. இருபத்தெட்டு வருஷம் எட்டுத் தறி ஓட்டியவன். கொட்டகைக்குள் எங்கள் பேச்செல்லாம் கை ஜாடையில்தான். தறி ஓடும்போது ஒன்றும் தெரியாது. கரண்ட் போய் எல்லாம் நின்றதும் இடது காதில் மட்டும் ஒரு சீறல் கிளம்பும், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. மூன்று வருஷமாக அது நிற்பதே இல்லை. ஒரு விநோதம், பல்லைக் கடித்தால் சத்தம் ஒரு படி ஏறும். விட்டால் இறங்கும்.

போன வருஷம் ஓரிடத்தில் ‘புது ஆராய்ச்சி மருந்து’ என்று 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். தலையணையில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். இப்போது வேறொரு மருத்துவமனையில் முறையான சோதனை என்று 11 பக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆறு வாரம் வீட்டில் ஒரு கருவி மாட்டிக்கொள்ள வேண்டும். பாதிப் பேருக்கு டம்மி, அதாவது நிஜம் போலவே இருக்கும், ஆனால் சிகிச்சை தராத கருவி. எனக்கு டம்மி விழுந்தால் ஆறு வாரம் வீண்தானே? சத்தம் கூடிப்போனால் யார் பொறுப்பு? வீட்டுக்காரி “உங்களைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறாங்க” என்கிறாள்.

காதுமணி:

அண்ணா, நான் வேறொரு சோதனையில் டம்மி பக்கம் இருந்தவன். பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். அதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கும் குறைந்திருந்தது!

இந்தச் சத்தத்தை அளக்க மீட்டர் கிடையாது. 25 கேள்வி உள்ள ஒரு தாள். “இரைச்சலால் இரவில் தூங்கச் சிரமமா?” ஆம், சில சமயம், இல்லை. மொத்தம் 100 மதிப்பெண். முதல் நாள் ஒரு டாக்டரம்மா நாற்பது நிமிஷம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை தாளை நிரப்பும்போதே என் மதிப்பெண் இறங்கிவிட்டது. அதுவரை என் கதையை யாருமே முழுசாகக் கேட்டதில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டம்மி இல்லாவிட்டால் அந்த இறக்கத்தைக் கருவியின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

காதுக்குள் ஊசியாகப் போடும் எஸ்கெட்டமைன் மருந்தைப் பற்றி அப்போது நாங்கள் எவ்வளவு ஆவலாகப் படித்தோம். 2016-லும் 2018-லும் இரண்டு பெரிய சோதனைகள். டம்மி ஊசியைவிட மேல் என்று காட்ட முடியவில்லை, கதை முடிந்தது. நாக்கில் லேசான மின்துடிப்பும் காதில் ஒலியும் கொடுக்கும் லெனயர் கருவிக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் 2020-இல் வெளியான அதன் 326 பேர் சோதனையில் டம்மிக் குழுவே இல்லை. அதனால் எனக்கு அதில் அரை நம்பிக்கைதான்.

உங்கள் பல் கடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தாடை, கழுத்து நரம்புகளின் செய்தியும் காது நரம்பின் செய்தியும் மூளைத்தண்டில் ஓரிடத்தில் கலக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழு அந்த இடத்தைத்தான் குறிவைத்தது. 2023-இல் வெளியான சோதனையில் 99 பேர், எல்லோரும் உங்களைப் போலத் தாடையையோ கழுத்தையோ அசைத்தால் சத்தம் மாறுகிறவர்கள். ஆறு வாரம் நிஜம் அல்லது டம்மி, ஆறு வாரம் இடைவெளி, அப்புறம் ஆறு வாரம் மற்றது. அதாவது எல்லோருக்கும் நிஜக் கருவியும் கிடைத்தது. உங்கள் தாளிலும் அப்படி மாற்றிக் கொடுப்பதாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல் கடிக்கிற விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், 14,000 வாங்கியவர்கள் நடத்தியது சோதனையே இல்லை அண்ணா. சோதனை மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

கவி_ஆடியோ:

ஐயா, நான் காது கேட்கும் திறன் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா? நரம்பில் சின்னக் கட்டி இருந்தாலும் இப்படி ஒரு பக்கம் மட்டும் வரும். அபூர்வம்தான், ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது கருவி மாட்டினாலே சிலருக்கு இரைச்சல் அடங்குகிறது. அதற்கு எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பொறுப்பு யார் என்று கேட்டீர்கள். தாளில் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் பதிவேடு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், அந்த இணையதளத்தில் தேடினால் யார் நடத்துகிறார்கள் என்று தெரியும். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு பற்றித் தாளில் எழுதியிருக்க வேண்டும். சோதனையில் சேர்கிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

சோமனூர்_தறிக்காரன்:

பதில் போட்ட இரண்டு பேருக்கும் நன்றி. பதிவு எண் ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, மகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன். மாற்றிக் கொடுப்பதாக ஒரு வரியும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை அதற்குப் போகிறேன். கையெழுத்து அதன் முடிவு வந்த பிறகுதான். வீட்டுக்காரியும் கூட வருகிறாள், எலியைக் கூண்டோடு கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டு.