இடம் மாறிய இரண்டு வயரும் அப்பாவின் ஈசிஜியும்

திருமங்கலத்தான்:
அப்பாவுக்கு 72 வயசு. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி ஈசிஜி எடுத்துட்டு வரச் சொன்னாங்க. பக்கத்துல ஒரு லேப்ல எடுத்தோம். போனைப் பார்த்துக்கிட்டே கிளிப் மாட்டினான் அந்தப் பையன். ரெண்டே நிமிஷம்.

பேப்பரைப் பார்த்த டாக்டர், "இவருக்கு இதயம் வலது பக்கம் இருக்கிறதா யாராவது சொல்லியிருக்காங்களா?"ன்னு கேட்டார். அப்பா என்னைப் பார்க்கிறார், நான் அப்பாவைப் பார்க்கிறேன். ஆபரேஷன் தள்ளிப் போச்சு. மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டார். அன்னைக்கு ராத்திரி அம்மா, அப்பாவோட வலது மார்புல கை வச்சு வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் மதுரையில ஈசிஜி ரூம்ல ஒரு அக்கா. 50 வயசு இருக்கும். பழைய பேப்பரை வெளிச்சத்துல காட்டிப் பார்த்தாங்க. "முதல் லீடு, அதான் ரெண்டு கைக்கும் நடுவுல எடுக்கிற கோடு, முழுசா தலைகீழா இருக்கு, சரி. ஆனா இதயம் நெசமாவே வலது பக்கம்னா, நெஞ்சுல வரிசையா வைக்கிற ஆறு இடத்துல, வி1ல இருந்து வி6க்குப் போகப் போக அலை சிறுத்துக்கிட்டே போகணும். இங்க வளர்ந்துதானே வருது? கை வயர் ரெண்டையும் மாத்திப் போட்டிருக்காங்க தம்பி."

சிவப்பு வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. இதுக்குத்தான் எங்க வீட்ல ஒருத்தரும் தூங்கல.

அப்புறம் அவங்க எடுத்த அழகைச் சொல்லணும். தொண்டைக் குழியில விரலை வச்சு மெதுவா கீழே இறக்கினாங்க. நெஞ்செலும்புல ஒரு மேடு தட்டும், அங்கிருந்து பக்கவாட்டுல போனா ரெண்டாவது விலா. அதுல இருந்து ஒவ்வொரு இடுக்கா எண்ணி, நாலாவதுல நிறுத்தி முதல் கப்பை வச்சாங்க. ஏசி குளிர்ல அப்பாவுக்கு உடம்பு நடுங்க, கோடும் நடுங்குச்சு. காலுக்குப் போர்வை போட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தாங்க.

"கரண்டு அடிக்குமாம்மா?"ன்னார் அப்பா.

"நாங்க குடுக்கிறதில்ல ஐயா, உங்ககிட்ட இருந்துதான் வாங்குறோம்."

புது பேப்பர்ல எல்லாம் நார்மல்.

ஈசிஜி அக்கா (அந்த அக்கா நானில்லை!):
நானும் இதே வேலைதான், 14 வருஷமா. வயர் 10, வர்ற படம் 12. பேப்பர் நொடிக்கு 25 மி.மீ. ஓடும், ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. இதெல்லாம் மெஷின் பார்த்துக்கும். வி4 எங்க வைக்கணும்னு மெஷினுக்குத் தெரியாது. பொம்பளைங்களுக்கு மார்புக்குக் கீழே, விலாவை ஒட்டி வைக்கணும். கூச்சப்பட்டு மேலாக்க வச்சுட்டுப் போறவங்களும் உண்டு, அப்ப படம் சரியா வராது. பெண் ஊழியர் வேணும், மேல ஒரு துணி வேணும்னு தயங்காம கேளுங்க.

இன்னொண்ணு. எடுத்து முடிச்சதும் எல்லாரும் எங்க முகத்தைத்தான் படிக்கிறாங்க. ரிசல்ட் சொல்றது டாக்டர் வேலை, நாங்க வாய் திறக்கக் கூடாது. ஒரு நாள் எனக்கு ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிட்டேன். படுத்திருந்த அம்மா "பிள்ளைங்களுக்குப் போன் போடும்மா"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

கோவைக்காரி:
எனக்கு வேற கதைங்க. படபடப்புன்னு போனா, ஈசிஜி எடுக்கிற நேரத்துக்கு மட்டும் இதயம் நல்ல பிள்ளையாட்டம் துடிக்கும். மூணு தடவை இப்படியே. கடைசில ஹோல்டர்னு, உடம்போடயே இருந்து ஈசிஜியைப் பதிவு பண்ணுற சின்ன மெஷின் ஒண்ணை மாட்டி 24 மணி நேரம் அனுப்பினாங்க. குளிக்கக் கூடாது, எப்ப என்ன பண்ணினேன்னு ஒரு தாள்ல எழுதணும். நானும் "மாலை 6.10, மாமியாரோட பேச்சு, படபடப்பு"ன்னு எழுதி வச்சேன். அதைப் படிச்ச டெக்னீஷியன் தம்பி சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டார்.

ராமநாதபுரம் ஆள்:
எங்க பெரியப்பாவுக்கு நெஞ்சுல பாரம். முதல் ஈசிஜி நார்மல். "அப்ப கிளம்பலாம்ல"ன்னு செருப்பைத் தேடுறார். டெக்னீஷியன் ஒட்டின பட்டைங்களைப் பிரிக்கவே இல்ல. "வலி இருக்கில்ல ஐயா, படுங்க. டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்காங்க"ன்னார். மூணாவது தடவை கோடு மேல ஏறிடுச்சு. அட்டாக். உடனே ஆஞ்சியோவுக்கு, அதான் இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பார்க்கிறதுக்கு, தூக்கிட்டாங்க. இப்ப காலையில வாக்கிங் போறார், என்னையும் இழுத்துக்கிட்டு.

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷனும் முடிஞ்சிருச்சு. ரெண்டு ஈசிஜியையும் பத்திரமா வைக்கலாம்னு இருக்கேன்.

ஈசிஜி அக்கா:
உடனே ஜெராக்ஸ் போட்டு வைங்க, அந்த பேப்பர் நாளாக நாளாக வெளுத்துடும். லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, சூடு பட்டா கறுத்துடும்.

திருமங்கலத்தான்:
அக்கா, இப்பத்தான் கடையில இருந்து வர்றேன். ஒண்ணு கரியா வெளிய வந்துச்சு. நல்லவேளை, அந்த லேப் பையன் எடுத்தது அது.