வியாசர்பாடில ஷீட் வீடு, ராத்திரி கூட அனல் அடிக்குது, அம்மாவுக்கு தலைசுத்தல், என்ன பண்றது?

மாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரே ரூம் எங்களது. அம்மாவுக்கு 61 வயசு, காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்து தெருத்தெருவா விக்கிறாங்க, விடியகால 3 மணிக்கே கெளம்பணும். பகல் வெயில் பழகிடுச்சு, கத்திரி எல்லா வருஷமும்தான் வருது. ஆனா இப்பல்லாம் ராத்திரி 11 மணிக்கு மேலயும் ஷீட்டுலருந்து அனல் எறங்குது, ஃபேன் அதே சூட்டத்தான் கீழ தள்ளுது, தூக்கமே இல்ல. போன வாரம் ரெண்டு வாட்டி தலை சுத்தி உக்காந்துட்டாங்க, கால் வேற சுண்டி இழுக்குதாம். பிபி மாத்திரை சாப்புடுறாங்க. தெருமுனை கிளினிக்ல வயசாயிடுச்சுனு சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. இது வெயிலால வர்றதா, எனக்கு பயமா இருக்கு.

பதில் 1
தம்பி, நான் தண்டையார்பேட்ட பக்கம் நர்ஸா இருக்கேன். வயசுனு விட்டுடாதீங்க. வேர்வை காஞ்சாதான் ஒடம்பு குளிரும், நம்ம கடலோரத்துல காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை வழியுமே தவிர காயாது. பகல்ல ஏறின சூடு ராத்திரியாவது எறங்கணும், அது எறங்கலனா இதயம் ஓய்வே இல்லாம அடிக்குது, கிட்னிக்கும் கஷ்டம். உலகம் சூடாக சூடாக ராத்திரி சூடும் சேந்து ஏறுது, அதுதான் வயசானவங்களுக்கு ஆபத்து. பிபி மாத்திரைல சிலது ஒண்ணுக்கு நெறைய போக வைக்கிற வகை, உப்பும் தண்ணியும் வெளிய போயிடும். நீங்களா நிறுத்தாதீங்க, மாத்திரை அட்டையோட டாக்டர்கிட்ட காட்டி, ரத்தத்துல சோடியம், பொட்டாசியம்ங்கற உப்பு அளவும், கிட்னி எப்படி வேல செய்யுதுனு காட்டற கிரியாட்டினினும் பாக்க சொல்லுங்க. ஒண்ணு கேக்கணும், அம்மா தண்ணி குடிக்கிறாங்களா? தெருவுல விக்கிற பொம்பளைங்க பலபேரு பாத்ரூம் கெடைக்காதுனு குடிக்கவே மாட்டாங்க. ஒளறினாலோ, மயங்கினாலோ, ஒடம்பு கொதிச்சாலோ ஒடனே 108, அது வர்றவரைக்கும் நெழல்ல படுக்க வச்சு ஈரத்துணி போட்டு விசிறுங்க, மயக்கத்துல வாய்ல தண்ணி ஊத்தாதீங்க.

பதில் 2
நாங்க கொருக்குப்பேட்ட, போன வருஷம் ஷீட்டு மேல ரெண்டு கோட் சுண்ணாம்பு அடிச்சோம், வெள்ளையா இருந்தா வெயில திருப்பி அனுப்பிடும், நல்லாவே வித்தியாசம் தெரிஞ்சுது. ஷீட்ட மட்டும் ஒடைக்காத, காய வச்சு சுரண்டாத, அந்தத் தூசு நுரையீரலுக்கு கெடுதல். இன்னொண்ணு, 2024ல தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநில பேரிடரா அறிவிச்சு செத்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்னு சொன்னாங்க, நல்லதுதான், ஆனா சாகறதுக்கு முன்னாடி தெருவுக்கு ஒரு கக்கூஸும் ஒரு நெழலும் குடுங்கனுதான் நான் கேக்கறேன்.

பதில் 3
எர்ணாவூர்லருந்து எழுதறேன். வெயிலோட முடியறதில்ல. சூடு 1 டிகிரி ஏறினா காத்து சுமாரா 7 சதவீதம் கூட ஈரத்த தாங்கும், அதனால மழை கொட்றப்ப மொத்தமா கொட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வெள்ளத்தோட எண்ணெயும் சேந்து எண்ணூர் பக்கம் வந்துச்சே, எங்க வீட்ல பசங்களுக்கு கண் எரிச்சல், மூச்சு முட்டல், சொறி. வெள்ளத்தண்ணில எலி மூத்திரம் கலந்தா எலிக்காய்ச்சல், கால்ல புண்ணோட எறங்காதீங்க. தண்ணி வராதுனு டிரம்ல புடிச்சு வைக்கிறோமே, டெங்கு கொசு அங்கதான் முட்ட வைக்கும், அந்த முட்ட காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, வாரம் ஒரு தடவ உள்பக்கம் தேச்சுக் கழுவுங்க.

கேள்வி கேட்டவர்
நர்ஸ் அக்கா, நீங்க சொன்னதுதான். அம்மாகிட்ட கேட்டேன், காலைல கெளம்பினா மதியம் 1 மணி வரைக்கும் ஒரு டீ மட்டும்தானாம், இத்தன வருஷமா எனக்கு தெரியல. நாளைக்கு மாத்திரை அட்டையோட கூட்டிட்டு போறேன். ஏலக்கூடத்துக்கு பக்கத்துல பாத்ரூம் எதுனா தெறந்து இருந்தா யாராவது சொல்லுங்க.