12 நாள் பிள்ளைக்கு இதயக் கோளாறு, வழி சொல்லுங்கள்

செங்கோட்டை பக்கம் புளியரையில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சி மகன் அழுதால் உதடும் நகக்கண்ணும் நீலம் பூக்கிறது. இரண்டு வாய் பால் குடித்ததும் மூச்சு வாங்குகிறது. முதலில் பார்த்த இடத்தில் குளிர்தான் என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று ஒரு நர்ஸம்மாதான் வலது கையிலும் காலிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் வைத்தார். 84 சதவீதம்! 95க்குக் குறைந்தாலே எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கணுமாம். பார்த்ததில் ஃபேலட் டெட்ராலஜி: இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் சுருக்கம். ஆபரேஷன் வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆபரேஷன் செய்தவர்கள் இருக்கிறீர்களா? தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா? இல்லை, மதுரைக்கே போகலாமா? அப்புறம், வழியில் நீலம் கூடினால் முழங்காலை மார்போடு மடக்கிப் பிடிக்கச் சொன்னார்கள்; செய்து பழகியவர்கள் விளக்குங்கள். இன்றிரவே சொன்னால் விடியற்காலை கிளம்பிவிடுவோம்.