‘.41 தட்டையாகப் பறக்கும்’ என்று சொல்பவர்களுக்கு

இரும்பு ஆட்டுக்காரன்:
முந்தாநாள் ஒரு புது ஆள் கேட்டிருந்தார்: முதல் பெரிய ரிவால்வர் வாங்கப் போகிறேன், ரேஞ்சில் குறி பார்த்துச் சுடவும் வேண்டும், டெக்சஸில் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் ஆக வேண்டும், எந்த காலிபர் (குண்டின் விட்ட அளவு) எடுக்கலாம் என்று. நல்ல கேள்வி. அதற்கு நாற்பத்தொன்று எழுதிய பதில் இது: “.44 மேக்னம் சினிமா பார்த்து வாங்குகிறவர்களுக்கு. விஷயம் தெரிந்தவன் .41 மேக்னம் எடுப்பான். தட்டையாகப் பறக்கும்.”

தட்டை என்றால் குண்டு தூரம் போனாலும் அதிகம் கீழே இறங்காமல் போவது. எதைவிடத் தட்டையாக? எத்தனை யார்டில்? எந்தக் குண்டோடு? ஒன்றும் சொல்லவில்லை. .44 மேக்னம் குண்டின் விட்டம் 0.429 அங்குலம். .41-ன் விட்டம் 0.410. வித்தியாசம் 0.019 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. இரண்டு தோட்டாவுக்கும் அழுத்த வரம்பு ஒன்றேதான், 36,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தத் தட்டை? பதில் சொல்லுங்கள்.

நாற்பத்தொன்று:
அண்ணாச்சி, எனக்காகத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், சந்தோஷம். 14 வருஷமாக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 57 வைத்துச் சுடுகிறேன். கைக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன். வழக்கமான .41 குண்டின் எடை 210 கிரெயின். வழக்கமான .44 குண்டு 240 கிரெயின். கனம் குறைந்தது வேகமாகப் போகும், வேகமாகப் போவது தட்டையாகப் போகும். இது பள்ளிக்கூடப் பாடம்.

இன்னொன்று. 1964-ல் இந்தத் தோட்டா வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர்கள் பேர்போன துப்பாக்கி எழுத்தாளர்களான எல்மர் கீத், பில் ஜோர்டன், ஸ்கீட்டர் ஸ்கெல்டன். அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

இரும்பு ஆட்டுக்காரன்:
அவர்கள் கேட்டது போலீஸ்காரர்களுக்கு, தம்பி. .357 போதவில்லை, .44-ன் உதை அதிகம், நடுவில் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். தட்டையாகப் பறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதே கீத் பிற்பாடும் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தது 4 அங்குலக் குழல் வைத்த .44 தான்.

கனம் குறைந்தால் வேகம் என்கிறீர்கள். குழாய் அகலமாக இருந்தால் அதே அழுத்தம் அதிகப் பரப்பைத் தள்ளும் என்பதும் அதே பள்ளிக்கூடப் பாடம்தான். .44-ன் அடிப்பரப்பு .41-ஐவிட 9 சதவீதத்துக்கு மேல் பெரியது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன, இரண்டும் ஒரே நீளக் குழல். குண்டின் வேகம் அளக்கும் கிரோனோகிராபில் இரண்டுமே வினாடிக்கு 1,300 அடிக்கும் 1,400 அடிக்கும் இடையில்தான் விழுகின்றன. மணல்மூட்டை மேல் வைத்து 100 யார்டில் சுட்டுப் பார்த்தேன். இறக்கத்தில் ஒரு அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. காற்றைக் கிழிக்கும் கணக்கு வேண்டுமா? 210 கிரெயின் .41 குண்டின் குறுக்கடர்த்தி, அதாவது விட்டத்துக்கு எத்தனை கனம் என்பது, 0.178; 240 கிரெயின் .44-க்கு 0.186. அங்கேயும் .44 தான் ஒரு படி மேல்.

தட்டை எங்கே?

டெக்சஸ் முருகு:
இரண்டு பேரும் பன்றியை மறந்துவிட்டீர்கள். கேட்டவர் பன்றிக்குக் கேட்டார். இங்கே 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை, அதனால் புது ஆட்கள் நிறைய வருகிறார்கள். வருகிறவர் கையில் பாதி நேரம் .357.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 40 யார்டு, பெரிய ஆண்பன்றி, பக்கவாட்டில் நிற்கிறது, .357 மேக்னத்தில் பிளந்து விரியும் குண்டு. தோளில் பட்ட சத்தம் காதில் விழுந்தது. பன்றி ஓடிவிட்டது. ராத்திரி 11 மணிவரை முள்ளுக்காட்டில் டார்ச் அடித்துத் தேடி, மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தோம். ஆண்பன்றியின் தோளில் குருத்தெலும்பு மாதிரி ஒரு கவசம் இருக்கும். அறுத்துப் பார்த்தால் கட்டைவிரல் தடிமன், கத்தி வழுக்குகிறது. குண்டு அதிலேயே விரிந்து நின்றுவிட்டது. நல்ல கெட்டி ஈய வார்ப்புக் குண்டாக இருந்திருந்தால் .357-ஏ ஊடுருவியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் அன்றைக்கு அந்த மிருகம் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் .44 தான்.

இன்னொன்று, எங்கள் சான் அன்டோனியோ போலீஸ் .41 மேக்னம் சுடும் மாடல் 58 ரிவால்வரை வாங்கிப் பயன்படுத்தியது. அதனால் .41-ஐ நான் குறை சொல்ல மாட்டேன்.

நாற்பத்தொன்று:
நன்றி முருகு. பாருங்கள், டெக்சஸ்காரரே .41-ஐக் குறை சொல்லவில்லை.

டெக்சஸ் முருகு:
நான் .44 வாங்கினேன் என்று எழுதியிருக்கிறேன்.

இரும்பு ஆட்டுக்காரன்:
குறை சொல்லவில்லை என்பதும் தட்டையாகப் பறக்கும் என்பதும் ஒன்றா? நானும் .41-ஐக் குறை சொல்லவில்லை, என் அலமாரியிலேயே இருக்கிறது. நான் கேட்பது ஒரே விஷயம். 0.019 அங்குலம். அந்த அரை மில்லிமீட்டரில் தட்டை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஐந்நூறு:
.500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-லேயே வந்துவிட்டது. 2,500 அடி-பவுண்டு ஆற்றல். .44-க்கு ஆயிரம் சொச்சம். இன்னும் 41, 44 என்று சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரும்பு ஆட்டுக்காரன்:
நாலரைப் பவுண்டு இரும்பு அது. ஒரு பிற்பகல் முழுக்க 60 தோட்டா குறி வைத்துச் சுட்டுவிட்டு வந்து பேசுங்கள். கேட்டவர் முதல் ரிவால்வர் வாங்குகிறார். முதல் நாளே .500-ஐக் கையில் கொடுத்தால் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடக் கற்றுக்கொள்வார். அந்தப் பழக்கத்தை விரட்ட இரண்டு வருஷம் ஆகும். எத்தனை பேருக்கு விரட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஐந்நூறு:
உங்களுக்குக் கை வலித்தால் ஊருக்கே வலிக்கும் என்று நினைக்காதீர்கள். போன வருஷம் .357 மேக்சிமம் இழையிலும் இப்படித்தான், நீங்கள் மட்டும் பேசுவீர்கள், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

இரும்பு ஆட்டுக்காரன்:
அந்த இழையில் நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. .357 மேக்னம் 1935-ல் வந்த அருமையான தோட்டா, ஆனால் 200 மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டை (ஆடு வடிவ இரும்புத் தகடு) சாய்ப்பதில் நம்ப முடியாது. ஐம்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஆடு அது. சாய்ந்தால்தான் கணக்கு, பட்டால் போதாது. 1976-ல் ஆரம்பித்த ஐஎச்எம்எஸ்ஏ என்ற கைத்துப்பாக்கிச் சங்கத்தின் போட்டிகளில் கோழி 50 மீட்டர், பன்றி 100, வான்கோழி 150, ஆடு 200. மல்லாக்கப் படுத்து, ரிவால்வரைக் காலோரம் வைத்துச் சுடுவோம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலிருந்து பீறிடும் நெருப்பு கால்சட்டையைப் பொசுக்கும், அதனால் காலில் தோல் பட்டை கட்டிக்கொள்வோம். என் பழைய பட்டையில் ஒரே இடத்தில் கறுத்துக் குழி விழுந்திருக்கிறது. .357 ஆட்டின் காலடியில் பட்டு டிங் என்று சத்தம் வரும், ஆடு அசையாமல் நிற்கும். அந்த வயிற்றெரிச்சலுக்குத்தான் 1980-களின் தொடக்கத்தில் .357 மேக்சிமம் வந்தது. ரூகர் கம்பெனிக்காரர்கள் அதற்கு ரிவால்வர் செய்தார்கள். சிலிண்டருக்கு மேலே போகும் இரும்புப் பட்டையை நெருப்பு அரிக்கிறது என்று பேச்சு கிளம்பி, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள்.

200 மீட்டரில் நின்று பழகியவனிடம் வந்து தட்டையைப் பற்றி .41-காரர் பாடம் எடுக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அலாஸ்கா ராசு:
அண்ணா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .44 மாடல் 29-ல் கனத்த தோட்டா நிறையச் சுட்டால் உதையில் சிலிண்டர் பின்னால் சுழன்றுவிடும் என்று சொல்வார்களே, போட்டியில் நீங்கள் எதில் சுட்டீர்கள்?

இரும்பு ஆட்டுக்காரன்:
உண்மைதான், பழைய 29-களில் அந்தத் தொல்லை இருந்தது. 1980-களின் கடைசியில் உள்ளே பூட்டுகளை மாற்றிச் சரி செய்தார்கள். நான் டான் வெஸ்ஸன் ரிவால்வருக்கு மாறினேன். குழலைக் கழற்றி மாட்டலாம், இடுக்கையும் நாமே தகடு வைத்து அளந்து சரிசெய்துகொள்ளலாம்.

அலாஸ்கா ராசு:
நான் .454 கசூல். 300 கிரெயின், 1,600 அடிக்கு மேல். கரடி நாட்டில் இதற்குக் கீழே எனக்குத் தூக்கம் வராது. ஆனால் புது ஆளுக்கு ஒரு எச்சரிக்கை: தோளில் கனக்கிறது என்று 25 அவுன்ஸே உள்ள லேசான .44 வாங்கிவிடாதீர்கள். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் அப்படி ஒன்றை எனக்குத் தலையில் கட்டினார்கள், கூடவே அவர்களே நிரப்பிய தோட்டாவும். நாலாவது வெடிக்கு சிலிண்டர் அப்படியே நின்றுவிட்டது. திறந்தால் திறக்கவில்லை. ஐந்தாவது தோட்டாவின் குண்டு உதையில் பித்தளையைவிட்டு முன்னால் நழுவி, சிலிண்டர் முகப்பைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நகத்தால் தள்ளினால் போகவில்லை, குச்சி வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. ரேஞ்ச் என்பதால் பிழைத்தேன். எதிரில் கரடி நின்றிருந்தால்?

ஐந்நூறு:
அதற்கு .500 தான்...

நாற்பத்தொன்று:
விஷயம் திசை மாறுகிறது. அண்ணாச்சிக்குப் பதில் சொல்கிறேன். கீத் 600 யார்டில் காயம்பட்ட மானை .44-ல் சுட்டதாகச் சொல்லிக்கொண்டார். அந்தக் கதையை வைத்துத்தான் .44-க்கு இவ்வளவு பேர். என் .41-க்குக் கதை தேவையில்லை. 50 யார்டில் ஐந்து துளை, மேலே ஒரு உள்ளங்கை வைத்தால் மூடிவிடும். அதே கை .44 எடுத்தால் வராது. உதை.

இரும்பு ஆட்டுக்காரன்:
இப்போது உதைக்குத் தாவிவிட்டீர்கள். ஒரு நிமிடம் முன்புவரை தட்டை. உதை பெரிதாகத் தெரிந்தால் .44 ஸ்பெஷல் போடுங்கள், அதே ரிவால்வரில் நுழையும், 1907-லிருந்து கிடைக்கிறது. காலையில் ஸ்பெஷலில் பழகிவிட்டு மாலையில் மேக்னத்தில் மான் சுடலாம். உங்கள் .41-க்கு அப்படி என்ன கிடைக்கும் கடையில்? முதலில் .41 தோட்டாவே கிடைக்குமா?

அப்புறம், கீத் ஆரோக்கியமாய் நின்ற மானைச் சுட்டேன் என்று சொல்லவே இல்லை. இன்னொருவர் ரைஃபிளில் காயப்படுத்திவிட்ட மான். அது வேதனைப்படாமல் முடியட்டும் என்று சுட்டதாகத்தான் சொன்னார். 1930-கள் முழுக்க .44 ஸ்பெஷலில் அளவுக்கு மேல் வெடிமருந்து அடைத்துச் சுட்டுச் சுட்டு, 1955 கடைசியில் .44 மேக்னம் வரக் காரணமாக இருந்த ஆள். அவரைப் பொய்யர் என்று ஜாடை பேச வேண்டாம்.

நாற்பத்தொன்று:
பொய்யர் என்று நான் எங்கே சொன்னேன்? “சொல்லிக்கொண்டார்” என்றேன்.

இரும்பு ஆட்டுக்காரன்:
தமிழில் அதற்கு அர்த்தம் அதுதான்.

டெக்சஸ் முருகு:
அளவுக்கு மேல் மருந்து அடைத்த கதையைப் புது ஆள் படிக்கும் இடத்தில் எழுத வேண்டாமே அண்ணா. .45 கோல்ட்டுக்குச் சாதாரண வரம்பு 14,000 பிஎஸ்ஐ. கெட்டியான ரூகர் ரிவால்வருக்கென்று அதிகமாக நிரப்பிய தோட்டாவை எவனாவது தாத்தா காலத்து ரிவால்வரில் போட்டால் கை போய்விடும்.

இரும்பு ஆட்டுக்காரன்:
சரி, அது நியாயம். ஆனால் நான் யாரையும் செய்யச் சொல்லவில்லை.

புதுத் தோட்டா:
நான்தான் அந்தக் கேள்வி கேட்டவன். எல்லாருக்கும் நன்றி. எங்கள் ரேஞ்சே 50 யார்டுதான். பன்றிக்கும் 60-க்கு மேல் சுடுவதாக இல்லை. கடையில் ரூகரின் சூப்பர் பிளாக்ஹாக் .44 ஒன்றும், பழைய மாடல் 57 ஒன்றும் இருக்கின்றன. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்கட்டும்?

நாற்பத்தொன்று:
மாடல் 57. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். தட்டையாகப் பறக்கும்.

இரும்பு ஆட்டுக்காரன்:
50 யார்டில்! 50 யார்டில் தட்டை! தம்பி, நீங்கள் சூப்பர் பிளாக்ஹாக்கை எடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்பத்தொன்று, உங்களை நான் விடுவதாக இல்லை. இரண்டு குண்டு, ஒரே அழுத்தம், 0.019 அங்குலம். உங்கள் 57-ன் குழல் நீளம் எவ்வளவு, எந்தத் தோட்டா, கிரோனோகிராபில் எத்தனை அடி? மூன்று எண் கேட்கிறேன். 14 வருஷத்தில் ஒரு தடவையாவது அளந்திருப்பீர்களே.

நாற்பத்தொன்று:
கைக்குத் தெரியும் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஐந்நூறு:
.460-ஐப் பற்றி யாரும் பேசவில்லையே. 200 கிரெயின், 2,200 அடிக்கு மேல். தட்டை என்றால் அது.

இரும்பு ஆட்டுக்காரன்:
அது தட்டை. ஒத்துக்கொள்கிறேன். .41-க்குப் பதில் வரவில்லை. மூன்று எண்.